பொற்கொல்லன் விரித்த வலை: கொலைக்களக் காதையும் வன்னிக் கூத்துக்களரியும்

முடிவு முன்னரே தெரிந்த கதையைப் பார்ப்பவனுக்கு நெஞ்சு படபடக்குமா? நாடகத் திறனாய்விற் பலமுறை எழுப்பப்பட்ட வினா இது. ஏதென்சு நகரத்தார் ஈடிப்பசு யாரென்பதை அறிந்துகொண்டே அரங்கிற்கு வந்தனர். திரைப்பட நெறியாளர் அல்பிரட் ஹிச்கொக் இதனைத் தமக்கேயுரிய முறையில் விளக்கினார். மேசைக்கடியிற் குண்டு இருப்பதைப் பார்ப்போர் அறியாதிருக்க அது வெடித்தால் ஒரு கணத் திடுக்கீடு. அவர்கள் அறிந்திருக்க, மேசையைச் சுற்றியிருப்போர் மட்டும் அறியாது உரையாடிக்கொண்டிருந்தால் பல நிமிடப் பதற்றம் என்பது அவர் கருத்து. சிலப்பதிகாரத்தின் பதினாறாவது காதையாகிய கொலைக்களக் காதைக்கு இவ்விளக்கம் ஓரளவே பொருந்தும். அங்கே குண்டு வெடிக்காமற் போவதற்கான வாய்ப்பு ஒன்று, வெடிப்பதற்குச் சற்று முன்னர் உண்மையாகவே திறக்கிறது. வாளேந்திய காவலரே இவன் கள்வனல்லன் என்கின்றனர்.

கோவலன் கொலையுண்பானா என்பது இக்காட்சியின் பதற்றமன்று. காவலர் தாம் கண்ட முகத்தை நம்புவரா, தமக்குச் சொல்லப்பட்ட கதையை நம்புவரா என்பதே அதன் பதற்றம். இதனைச் சற்று விரிவாக நோக்குவதும், வன்னிக் கூத்து மரபு இவ்விடத்தைக் கையாளும் முறையோடு ஒப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்னியைப் பற்றி ஈண்டு ஒரு வார்த்தை கூறவேண்டும். தமிழகத்திற் சிலம்பு பெரும்பாலும் ஏட்டிலும் மேடைச் சொற்பொழிவிலும் வாழ, ஈழத்தில் அது வழிபாடாக வாழ்ந்து வந்துள்ளது. மட்டக்களப்பிற் கண்ணகி வழக்குரை கோயில்களிற் படிக்கப்படுகின்றது, வி. சீ. கந்தையா அதனை 1968 இற் பதிப்பித்தார். யாழ்ப்பாணத்திற் கோவலனார் கதையும், வன்னியிற் சிலம்பு கூறலும் அவ்வாறே வழங்கின. முல்லைத்தீவுப் பகுதிக் கோவலன் கூத்து ‘முல்லைமோடி’ எனத் தனிப்பெயரே பெற்றது. வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலன்று கடல்நீரில் விளக்கெரிப்பதைக் காண, இரணைமடுக் குளத்து நீரை நம்பி வாழும் வட்டக்கச்சி, முரசுமோட்டை, கண்டாவளை முதலாய வயற்கிராமங்களிலிருந்தும் மக்கள் செல்வர். மதுரையை எரித்தபின் கிழவி வடிவில் வந்தவளின் தலையிற் பேன் பார்க்கப் புகுந்த மாட்டுக்காரச் சிறுவர், அங்கே எண்ணற்ற கண்கள் விழித்திருக்கக் கண்டனர் என்பது அவ்வூர்க் கதை. இத்தகைய கதையோடு வளர்ந்தவனுக்குக் கொலைக்களக் காதை வெறும் இலக்கியப் பகுதியன்று. தெய்வம் ஏன் இங்கு வந்தது என்பதற்கான காரணமே அந்தக் காதைதான்.

இனிக் காட்சிக்கு வருவோம். ஆயர்பாடியில் மாதரி வீட்டிற் கண்ணகி சமைத்திட, வாழையிலையில் உண்டெழுந்த கோவலன், ஒற்றைச் சிலம்போடு புறப்படுகின்றான். வழியில் ஏறு ஒன்று பாய வருகிறது. அது தீநிமித்தம் என்பதை ஆயர் அறிவர், வணிகர்குலத்தான் அறியான். இங்கே இளங்கோ செய்திருப்பது நுட்பமானது. எச்சரிக்கை வருகிறது, ஆனால் அவன் படித்தறியாத மொழியில் வருகிறது.

கடைத்தெருவில் எதிர்ப்படும் பொற்கொல்லனை நாம் வில்லன் என்று காண்பதற்குக் காப்பியம் எவ்வித அடையாளத்தையும் அவன் முகத்தில் எழுதவில்லை. சட்டை அணிந்து, கையிற் குறடேந்தி, நூறு கொல்லர் பின்வர, ஒதுங்கி நடந்து வருகின்றான். இவனே பாண்டியனிடம் பெயர்பெற்ற கொல்லனாதல் வேண்டும் என்று கோவலன் தானே ஊகித்துக்கொண்டு அணுகுகின்றான். வலைக்குள் இழுத்தவன் எவனுமில்லை. மரியாதையைப் பார்த்து நம்பிச் சென்றவன் கோவலனே. அரசியின் அடிக்கேற்ற சிலம்பொன்றுக்கு விலை சொல்ல முடியுமா என்று கேட்கிறான். அந்தக் கேள்வியே பின்னர் அவனைக் கொல்லப்போகின்றது. சிலம்பின் வேலைப்பாட்டை உற்றுநோக்கிய கொல்லன், இது அரசமாதேவிக்கன்றி வேறெவர்க்கும் பொருந்தாது என்கிறான். அரசனிடம் அறிவித்து வரும்வரை தன் குடிலின் அருகே இருக்கச் சொல்கின்றான். கோவலன் சென்று காத்திருக்கும் இடம் ஒரு கோயிலின் சுற்றிடம். பாதுகாப்பு என்று மனிதன் நம்பும் இடத்திலேயே பொறி வைக்கப்படுகின்றது.

கொல்லன் முன்னரே அரசியின் சிலம்பைத் திருடியவன். அத்திருட்டு வெளிப்படுமுன் இவ்வயலானைக் காட்டித் தப்பிக்கொள்வோம் என அவன் எண்ணுவதை ஆசிரியர் மறைக்காது சொல்லிவிடுகின்றார். அரசனோ ஆடல்மகளிரின் கூத்தில் மனத்தைப் பறிகொடுத்து, அதனால் ஊடித் தலைநோவென்று சொல்லி எழுந்துபோன தேவியைத் தேடிச் செல்லும் வழியில் இருக்கின்றான். விசாரணைக்குரிய இடமும் அன்று, மனமும் அன்று. அந்த நடையிடையில் விழுந்து வணங்கிய கொல்லன் சொல்லும் செய்தியின் முதற்கூற்றையே கவனிக்க வேண்டும். கன்னக்கோல் இல்லை, அகழும் கருவி இல்லை. உறக்கமந்திரம் ஒன்றையே துணையாகக்கொண்டு காவலரைத் துயிற்றிச் சிலம்பைக் கவர்ந்தவன் என் குடிலில் இருக்கிறான் என்கின்றான்.

இதன் சூழ்ச்சியை எம்மிற் பலர் படிக்கும்போது தவறவிடுகின்றோம். கோவலனிடம் திருட்டுக் கருவி எதுவும் அகப்படப்போவதில்லை என்பது கொல்லனுக்குத் தெரியும். ஆகவே கருவியில்லாமையையே சான்றாக முன்கூட்டி மாற்றிவைக்கின்றான். மந்திரத்தாற் களவு செய்பவனிடம் கருவி எதற்கு? இனிக் காவலர் எவ்வளவு நேர்மையாகத் தேடினாலும், தேடலின் விளைவு குற்றத்தையே உறுதிசெய்யும்.

அரசனின் ஆணையும் அவ்வாறானதே. சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொணர்க என்பது ஆணை. ‘கொல்ல’ என்று சொல்லக் கருதியவன் விதிவயத்தாற் ‘கொன்று’ எனச் சொல்லிவிட்டான் என்றோர் விளக்கம் உரைமரபில் உண்டு. அழகான விளக்கமே, ஆயினும் அரசனுக்குச் சார்பானது. வாய் தவறியிருக்கலாம், ஆனால் நிபந்தனையாக வைக்கப்பட்ட சோதனையே தவறானது. கையிற் சிலம்பு இருப்பது உண்மை. எவருடைய சிலம்பு என்பதே கேள்வி. அரசியின் பரல் முத்து, கண்ணகியின் பரல் மாணிக்கம் என்பதைப் பின்னர் அவையில் ஒரு சிலம்பை உடைத்துப் பார்க்க எடுத்த நேரம் மிகச் சிறிது. அந்தச் சிறிது நேரத்தைத்தான் ஆணை இல்லாமற் செய்தது.

காவலர் வருகின்றனர். சிலம்பைக் காண அரசன் ஏவலால் வந்தவர்கள் என்று கொல்லன் கோவலனுக்கு அறிமுகப்படுத்துகின்றான். கோவலன் காட்டுகின்றான். இவ்விடத்திலேதான் கதவு திறக்கின்றது. முக அமைதியையும் உறுப்பிலக்கணத்தையும் பார்த்த காவலர், இவன் கொல்லப்படத்தக்கவன் அல்லன் என்கின்றனர். காப்பியம் முழுவதிலும் மதுரையின் அதிகாரம் சரியாகப் பார்த்த ஒரேயொரு கணம் இதுவாகும். பார்த்தவர் அரசனல்லர், அமைச்சரல்லர். கொல்வதற்கு அனுப்பப்பட்ட கூலிக்காவலர்.

கொல்லன் உள்ளூர நகைத்துக்கொண்டு பேசத் தொடங்குகின்றான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குத் துணையானவை எட்டு என்று ஒரு நூலாசிரியனைப் போல வகுத்துரைக்கின்றான். மந்திரம் சொன்னாற் கண்ணுக்குத் தெரியார். மருந்து கொண்டால் நம்மை நிலைமயங்கச் செய்வர். தந்திரம் எண்ணினால் இந்திரன் மார்பின் ஆரத்தையும் கவர்வர். அடுத்து ஒரு கதை. பகலில் தூதன்போல் வாயிலில் நின்றவன், இரவிற் பெண்ணுருவில், விளக்கின் நிழலிற் புகுந்து, உறங்கும் இளங்கோவின் வயிர மாலையைக் கழற்றினான். விழித்த இளங்கோ உருவிய வாளின் ஒவ்வொரு குத்தையும் அவன் உறையாலே ஏற்றான். கைகலப்பில் ஒரு மணித்தூணை எதிரியாகக் காட்டிவிட்டு மறைந்தான். வெறுந்தூணோடு போரிட்டு நிற்கும் அரசகுமாரனின் தோற்றம் ஒரு நொடி நகைப்பூட்டும், மறுநொடி அச்சுறுத்தும்.

தெய்வங்களும் பூதங்களும் உலாவும் காப்பியத்தில் மாயம் புதிதன்று. மதுரை எரியும்போது தீக்கடவுளே தோன்றுகிறான். மதுராபதி என்னும் நகர்த்தெய்வம் கண்ணகியின் பின்னால் வந்து பேசுகின்றது. ஆனால் கொலைக்களத்தில் மாயம் நிகழவில்லை. சொல்லப்பட மட்டுமே செய்கின்றது. இவ்வேறுபாடு மனங்கொளத்தக்கது. இருளும் மந்திரமும் உருமாற்றமும் பொற்கொல்லன் வாயிலிருந்து மாத்திரமே பிறக்கின்றன. சுற்றிலும் இருப்பது பகல்வெளிச்சமும் ஒரு வணிகனும் ஒரு நகையும். கேட்போருடைய கண்ணைக் கட்டுவதற்கு மாயக்கதையே கருவியாகின்றது. மறையவும் உருமாறவும் வல்லவன் கள்வன் என்ற உலகினுள் ஒருமுறை நுழைந்துவிட்டால், நல்ல முகம் நன்மைக்குச் சான்றாகாது. முகம் எவ்வளவு தெளிந்திருக்கின்றதோ அவ்வளவு கைதேர்ந்த கள்வன் என்றாகிவிடும். காவலரின் நற்சான்று அப்படியே தலைகீழாகின்றது.

அடுத்துப் பேசுபவன் வேலேந்திய ஓர் இளைஞன். அவன் கதையில் மந்திரமில்லை. தன் ஊரில், மழை பெய்த நள்ளிரவில், உளியோடும் நீல ஆடையோடும் புலிபோல் வந்த ஒருவன் தன் வாளைப் பறித்துச் சென்றதையும், பின்னர் அவனை எங்குமே காணாததையும் சொல்கின்றான். இக்கதை கோவலனைப் பற்றி எதனையும் நிறுவவில்லை. ஆயினும் கொல்லனின் வகைப்பாட்டைவிட இதுவே வலிது என்பேன். ஏனெனில் இது சொல்பவனுடைய சொந்த அச்சம். கொல்லன் விதைத்த மாயம் இளைஞனின் நினைவிற் பயிராகின்றது. அத்துடன் அவன் இன்னொன்றையும் சொல்கின்றான்: அரசன் நம்மை வருத்துவான். ஐயம் எழுந்த காவலர்க்கு ஐயத்தோடு திரும்பிச்செல்ல வழியில்லை. என்ன செய்வதென்று சொல்லுங்கள் என்று தோழரைக் கேட்கின்றான். எவரும் விடையிறுக்குமுன், கல்வியறிவற்ற குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான்.

எவரும் முடிவெடுக்கவில்லை என்பதுதான் இதிற் பயங்கரம். பேச்சு முடியாதிருக்கையில் வாள் முடித்துவிடுகின்றது.

ஒதெல்லோவில் இயாகோ ஒரு கைக்குட்டையைக் கொண்டு இதுபோன்ற வலையை விரிக்கின்றான் என்பதை மாணவர் அறிவர். இரண்டிலும் சிறு பொருளொன்று சான்றாகின்றது. ஆனால் இயாகோவுக்கு மேடை நிறையத் தனிமொழிகள் உண்டு; அவன் மனத்தின் இடுக்குகளை நாம் அறிந்துகொண்டேயிருக்கிறோம். பொற்கொல்லனுக்குப் பெயர்கூட இல்லை. வேலை முடிந்ததும் கதையிலிருந்து போய்விடுகின்றான். அரசியின் உண்மைச் சிலம்பு என்னவாயிற்று என்பதையும் காப்பியம் சொல்லவில்லை. பிற்காலக் கதைப்பாடலும் மேடையும் இந்த வெறுமையைப் பொறுக்கமாட்டாது, அவனுக்கு வஞ்சிப்பத்தன் என்று வஞ்சனையையே பெயராகச் சூட்டின. வஞ்சகனுக்குப் பெயரும் முகமும் வேண்டும் என்ற வேட்கை எமது மண்ணிலும் வலியது. கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல்லிலே, 1803 ஒக்டோபர் 31 இற் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்ற செய்தியே பொறிக்கப்பட்டது; துரோகம் பற்றி அதில் ஒரு சொல்லுமில்லை. காக்கைவன்னியனோ மக்கள் நினைவிலும் நாடகமேடையிலும் நிலைத்து, துரோகிக்கு மறுபெயராகவே ஆகிவிட்டான்.

இவ்விடத்தில் ஊழ் என்னும் மறுப்பு எழும். கோவலன் இறந்தது பழவினையால். கொல்லனும் காவலரும் கருவிகளே என்பர். மறுப்பதற்கில்லை, ஆனால் அந்தப் பழவினை யாதென்று நோக்கவேண்டும். கட்டுரை காதையில் மதுராபதி சொல்லும் முற்பிறப்புக் கதையிலே, சிங்கபுரத்தில் அரசுத்தொழில் செய்த பரதன் என்பவன், அங்கு வாணிகம் செய்த சங்கமனைப் பகையரசனின் ஒற்றன் என்று பொய்சொல்லிக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலறித் திரிந்து, மலையேறிச் சபித்து வீழ்ந்தாள். அந்தப் பரதனே இந்தக் கோவலன். அஃதாவது, அயலூர் வணிகன்மீது சுமத்தப்பட்ட பொய்க்குற்றம், அயலூர் வணிகன்மீது சுமத்தப்பட்ட பொய்க்குற்றமாகத் திரும்பி வருகின்றது. ஊழ் இங்கு மனிதச் செயலை மறைக்கும் திரையன்று. அதே செயலின் நீட்சி.

சங்கிலி அத்துடன் அறவில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியின் சினந்தணியப் பொற்கொல்லர் ஆயிரவரை ஒரேநாளிற் பலியிட்டான் என்று காப்பியம் கூறுகின்றது. நாட்டில் மழையும் வளமும் மீண்டதாகவும் அது கூறுகின்றது. இவ்விடத்தை விரிவுரைகள் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகின்றன. களவு செய்தவன் ஒருவன், இறந்தவர் ஆயிரவர். அவர்கள் கையில் எந்தச் சிலம்பும் இல்லை. ஒருவனை அவன் முகத்தையும் செயலையும் நோக்காது, அவன் சார்ந்த வகையை நோக்கிக் குற்றவாளியாக்குவது எதுவோ அதுவே கோவலனைக் கொன்றது. அதுவே இவ்வாயிரவரையும் கொன்றது. கொலைக்களத்திற் கோவலனுக்காகக் கலங்கும் வாசகன் கொற்கையிற் கலங்காவிடின், கொல்லன் சொன்ன கதையை அவனும் நம்பிவிட்டான் என்றே கொள்ளவேண்டும்.

வன்னி வாசகனுக்கு இதனை நெடிதாக விளக்க வேண்டியதில்லை. சுற்றிவளைப்பின்போது முகம் மறைத்த ‘தலையாட்டி’யின் முன்னால் வரிசையாக நடந்து சென்ற தலைமுறை இன்னும் எம்மிடையே இருக்கின்றது. ஒரு தலையசைவுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரத்தை அவர்கள் அறிவர்.

கூத்துக்களரிக்கு வருவோம். வட்டக்கச்சியில் எனது சிறுவயதிற் பெற்றோல்மாக்சு வெளிச்சத்திற் பார்த்த கோவலன் கூத்தொன்று இன்றும் நினைவிலுள்ளது. தட்டானாக வந்தவர் ஊரறிந்த பகிடிக்காரர். மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் தூக்கிச் சிலம்பைப் பார்த்தபோது சனம் விழுந்து விழுந்து சிரித்தது. தட்டான் முன்செல்லக் கோவலன் பின்தொடர்ந்து களரியை மும்முறை சுற்றினர். முதற்சுற்றிற் சிரிப்பு. இரண்டாஞ் சுற்றிற் சிரிப்புக் குறைந்தது. மூன்றாஞ் சுற்றில், எனக்குப் பக்கத்தில் ஓலைப்பாயில் இருந்த கிழவி ஒருத்தி எழுந்து, “போகாதை ராசா, அவன்ரை சொல்லைக் கேளாதை!” என்று கூவினாள். வருடாவருடம் இதே கூத்தைப் பார்த்தவள் அவள். கோவலன் போவான் என்பது அவளுக்குத் தெரியாததன்று. ஆயினும் அந்த இரவில் மாத்திரம் அவன் திரும்பிவிடக்கூடும் என்பதுபோல் அவள் கூப்பிட்டாள். ஹிச்கொக்கின் மேசை விளக்கம் இக்கிழவிக்கு எட்டாது என்பேன். அவள் பார்வையாளர் அல்லள், சாட்சி.

அந்த மூன்று சுற்றும் ஏட்டில் இல்லாதவை. காப்பியம் சொற்களாற் செய்ததைக் கூத்து கால்களாற் செய்தது; அதன் வெற்றி அங்கேயிருந்தது. ஆனால் காவலர் வந்தபின் கூத்துத் தடுமாறியது. காவலர் ஐயுறும் இடம் ஒரே தருவில் முடிந்தது. எண்வகைத் துணையும் தூணோடு போரிட்ட இளவரசனும் இடம்பெறவேயில்லை. தட்டான் அரசனின் பேரைச் சொல்லி அதட்ட, காவலர் உடனே வாளை ஓங்கினர். விளைவு யாதெனிற், பழியனைத்தும் தட்டான் தலையில் வந்து விழுந்தது. காவலர் அப்பாவிகளாயினர், அரசன் ஏமாந்தவனாயினான். பார்த்திருந்தோர் தட்டானைத் திட்டிவிட்டு மனவமைதியோடு வீடு சென்றனர். ஒரு சாதியையே நகைப்புக்கும் வெறுப்புக்கும் உள்ளாக்கும் தீங்கும் இதிற் சேர்ந்துகொள்கின்றது. நான் பார்த்த வேறு சில மேடையேற்றங்களிலும் இவ்விடம் இவ்வாறே சுருக்கப்பட்டிருந்தது. விடியுமுன் வழக்குரை வரவேண்டுமே என்ற அவசரத்தை நான் அறிவேன். கண்ணகி தலைவிரித்து வரும் காட்சிக்காகவே சனம் கண்விழித்திருக்கிறது. எனினும் சுருக்குவதற்கு வேறு இடங்கள் உண்டு.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையில் மரபுவழிக் கூத்துகளைச் சுருக்கிச் செப்பனிட்டு மேடையேற்றியபோது, வாலிவதை போன்ற மறைந்திருந்து கொல்லும் கதையும் அவற்றுள் இடம்பெற்றது. விடியவிடிய ஆடும் கூத்தை இரண்டொரு மணி நேரத்துக்குள் அடக்கும்போது எதனை நீக்குவது, எதனை வைத்துக்கொள்வது என்ற வினா அங்கிருந்தே பல்கலைக்கழக மேடைக்கு வந்தது. எமது மாணவர் கோவலன் கூத்தை என்றாவது எடுப்பராயின் அவர்களிடம் ஒன்று கேட்பேன். மாதவியின் அரங்கேற்றத்தைக் குறைக்கலாம், வழிநடையையும் குறைக்கலாம். காவலரின் ஐயத்தைத் தொடவேண்டாம். இவன் கொலைப்படத்தக்கவன் அல்லன் என்ற சொல் வந்ததும் மத்தளமும் தாளமும் ஓயட்டும். தட்டான் வாய் திறக்கும்வரை, நான்கு காவலரும் கோவலனின் முகத்தை ஒருவர்பின் ஒருவராக அருகே சென்று பார்க்கட்டும்.